ஊமத்தையின் ஒட்டுக்கேட்பு

நவநீதனை வைத்துக்கொண்டு கதை விளையாட்டு நடத்துவது தவளையைத் தராசில் நிறுக்கிற வேலை என்று சென்னியப்பன் சொல்வான். ஆள் நல்லவன்தான். கேட்டதைக் கேட்காதவன் மாதிரி இருக்க மட்டும் அவனுக்குத் தெரியாது. "ஊமத்தை தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள்" என்று அவன் மனைவி தாரணி தன் பாத்திரத்தின் நகர்வைச் சொல்லி வாய் மூடியிருக்க மாட்டாள். அதற்குள் அவன் ஆடும் பாத்திரமான கோட்டைத்தலைவன் வேழவனுக்கு அந்தத் தூணின் சிற்ப வேலைப்பாட்டில் திடீரென்று ரசனை பிறந்துவிடும்.

சிங்காநல்லூரில் சென்னியப்பனின் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறை. சனிக்கிழமை மதியங்களில் அங்கே நான்கு பேர் கூடுவார்கள். நால்வரும் ஒரே கல்லூரியில் ஒரே கேண்டீனைக் கெடுத்தவர்கள். சென்னியப்பன்தான் மாஸ்டர். கோட்டைக்கு எத்தனை வாசல், அங்கே யார் காவல், வெளியே மழையா வெயிலா என்பதெல்லாம் அவன் வாயில் பிறக்கும். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்லிவிட்டு இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். ரெஜினா மருத்துவச்சி. நவநீதன் வேழவன். தாரணி ஊமத்தை. அரசியின் ஒற்றர் என்று மற்ற இருவரும் நம்பிக்கொண்டிருந்த ஊமத்தை உண்மையில் கூலிக்குக் கொல்கிறவள். அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த தலை வேழவனுடையது.

ஒரே மேசையில் உட்கார்ந்து, கொல்லப்போகிறவன் காதுபட எப்படித் திட்டம் போடுவது? காதில் கிசுகிசுத்துப் பார்த்தார்கள். கிசுகிசுக்கிற முகத்தைப் பார்த்தே நவநீதன் கண்டுபிடித்துவிடுவான். தாரணிக்குச் சலித்துப்போனது. பேசாமல் தானும் ஒரு வாளை எடுத்துக்கொண்டு வீரப்பெண்ணாக ஆகிவிடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் சென்னியப்பன் ஓர் அட்டைப்பெட்டியோடு மாடியேறி வந்தான். உள்ளே மூன்று தலைப்பட்டைகள்.

"ஆஸ்பத்திரிச் சரக்குடா. விபத்துல அடிபட்டு வர்றவங்களுக்கும், அவங்களத் தூக்கியாந்து சேக்கறவங்களுக்கும் மாட்டி விடுவாங்க. பாத்த கோரம் மண்டையில தங்கக் கூடாதுன்னு. இது பழைய மாடலு, கழிச்சுப் போட்டுட்டாங்க. நாந்தான் சர்வீஸ் பண்ணி வெச்சிருக்கறேன்."

"மூளையைக் கருக்கிப் போடாதா?" என்றாள் ரெஜினா.

"பாலுக்கு உறை ஊத்திப்போட்டு அசைக்காம வெச்சாத்தான தயிராகும்? உறையறதுக்குள்ள கிண்டிக்கிட்டே இருந்தா? அவ்வளவுதான் சமாச்சாரம். பட்டை ஓடறப்ப நீ எப்பவும் போலப் பேசுவ, சிரிப்ப, சண்டை போடுவ. எதுவும் தங்காது. நிறுத்துனதும் பழைய இடத்துல இருந்து தொடருவ. நெம்ப நேரம் ஓட்டக் கூடாது, அம்புட்டுத்தான்."

அந்த நேரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஓட்டை. ஊமத்தை ரகசியமாக எதையாவது செய்ய வேண்டுமென்றால் சென்னியப்பன் மற்ற இருவரின் பட்டைகளையும் ஓட விடுவான். தாரணி எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லுவாள். நவநீதன் "அடிப்பாவி!" என்று மேசையைத் தட்டி ரசிப்பான். ஓட்டை மூடியதும் ஒன்றும் அறியாத பச்சைப் பிள்ளையாகப் பழைய இடத்திலிருந்து ஆடுவான். தன்னைக் கொல்ல வந்தவளுக்கு அவனே தண்ணீர் மோந்து கொடுப்பான். அதைப் பார்க்கிறபோது தாரணிக்கு உள்ளங்கால்வரை குறுகுறுக்கும். இத்தனை நாள் இந்த விளையாட்டில் கிடைக்காத சுகம் அது.

ஒட்டுக்கேட்பு என்ற விதியும் அப்போதுதான் வந்தது. வேவு பார்ப்பதற்கு இனிமேல் பகடை கிடையாது. ஊமத்தை யாரை வேவு பார்க்க விரும்புகிறாளோ, அந்த ஆட்டக்காரரை ஓட்டைக்குள் மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் நேராகக் கேட்கலாம். கேட்கப்பட்டவர் பொய் சொல்லக் கூடாது. கீழே வந்ததும் அவருக்கு மறந்துபோகும். ஒற்றன் ஒளிந்திருந்து தெரிந்துகொண்டதற்கு இது சமம். இதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. கேள்வியைப் பாத்திரத்தின் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். "வேழவரே, உங்கள் வாளை எங்கே வைத்துவிட்டுத் தூங்குவீர்கள்?" என்று கேட்கலாம். "நவநி, பீரோ சாவியை எங்க வெச்ச?" என்று கேட்கக் கூடாது. ரெஜினாதான் இந்தக் கட்டுப்பாட்டை வற்புறுத்தினாள். எதற்கும் ஒரு வேலி வேண்டும் என்றாள்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த வேலி விழுந்தது.

அதற்கு முந்தைய வாரம் ஊமத்தை கிழக்கு வாசலில் ஒரு காவலனைக் குத்திவிட்டிருந்தாள். அவன் உடனே சாகவில்லை. வேழவன் ஓடிவந்து மடியில் தாங்க, கொஞ்ச நேரம் இருந்துதான் செத்தான். தன் பெயரை அவன் சொல்லிவிட்டானா என்று ஊமத்தைக்குத் தெரிந்தாக வேண்டும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றுகொண்டு தாரணி விதிப்படி, பெயர் சொல்லித்தான் கேட்டாள்.

"வேழவரே, உங்க மடியில செத்தானே அந்தக் காவலன், கடைசியா என்ன சொன்னான்?"

நவநீதன் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கீழே தெருவைப் பார்த்தான்.

"அக்காளக் கேட்டான்," என்றான்.

காவலனுக்கு அக்கா எங்கிருந்து முளைத்தாள் என்று தாரணிக்கு வேடிக்கையாக இருந்தது. புதிதாகக் கதை கட்டுகிறான் என்று நினைத்தாள்.

"வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தான். வந்துட்டிருக்கறான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? நீதான் போன எடுக்கவே இல்லியே, தாரணி."

அவளுடைய தம்பி பரணி பைக்கில் லாரிக்கு அடியில் போய் மூன்று வருடம் ஆகிறது. விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தவன் நவநீதன்தான். பரணி தூக்கத்தில் போகிற மாதிரிப் போய்விட்டான், ஒரு வார்த்தை பேசவில்லை, நான் உனக்குப் போன் பண்ணும்போதே எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் அவன் அன்றிலிருந்து சொல்லிவந்தான். அதைத் தாரணி நம்பினாள். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வருடம் சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்குப் போனாள். அன்று காலையில் பரணிக்கும் அவளுக்கும் பெரிய சண்டை. ஆபீசில் இருந்தபோது நவநீதனிடமிருந்து அழைப்பு வந்தது. தம்பிக்கு வக்காலத்து வாங்கத்தான் கூப்பிடுகிறான் என்று எரிச்சலோடு துண்டித்தாள். மறுபடி வந்தது. மறுபடி துண்டித்தாள்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். "போதும், கீழ போலாம்" என்று திரும்பியிருக்க வேண்டும். அவள் நிறுத்தவில்லை.

"எத்தன நேரம் உசுரோட இருந்தான்?" என்று கேட்டாள். வேழவன் பெயரைச் சொல்லவில்லை.

நவநீதன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். மூன்று வருடம் அடைத்துவைத்த தொண்டை திறந்ததுபோல் சொல்லிச் சொல்லி அழுதான். அவளும் அழுதாள். அவன்தான் அவளைத் தேற்றி, முகத்தைத் துடைத்துவிட்டுக் கீழே அழைத்துவந்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் சென்னியப்பன் ஓட்டையை மூடினான்.

"முடிஞ்சுதா? என்னத்தக் கேட்டா இவ?" என்று நவநீதன் சிரித்தான். இமையெல்லாம் நனைந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மேல நெம்பத் தூசி போல," என்றான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, தான் ஏதோ ஒரு வீட்டில் பின்பக்கமாக ஏறிக் குதித்துத் திருடிவிட்டு, முன்வாசல் வழியாக விருந்தாளியாகவும் வந்து உட்கார்ந்திருப்பதாகத் தாரணிக்குப் பட்டது.

அன்றோடு விட்டிருந்தால் பாதகமில்லை. புலிவாலைப் பிடித்தவள் விட முடியுமா? அடுத்த சனிக்கிழமையும் அவனை மாடிக்கு அழைத்துப்போனாள். பரணி என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டாள். அதற்கடுத்த வாரம், தண்ணீர் கேட்டானா என்று கேட்டாள். இன்னொரு வாரம், என்மேல் கோபமாக இருந்தானா என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்ற செய்தியே ஒவ்வொரு முறையும் நவநீதனுக்குப் புதிது. அதிர்ச்சி புதிது, அழுகை புதிது. அவளுக்கு மட்டும்தான் எல்லாம் பழசாகிக்கொண்டு வந்தது. அவன் எந்த இடத்தில் மூக்கை உறிஞ்சுவான் என்றுகூட அவளுக்குப் பாடமாகிவிட்டது.

முடிவில் அவள் மன்னிப்புக் கேட்பாள். போனைத் துண்டித்ததற்கும், இப்படித் திருட்டுத்தனமாகக் கேட்பதற்கும் சேர்த்தே கேட்பாள்.

"அடப் போடி," என்பான் அவன். "உனக்கென்ன சோசியமா தெரியும்? நானா இருந்தாலும் கட் பண்ணியிருப்பேன். இதக் கேக்கோணும்னு தோணுச்சு, கேட்ட. விடு."

அதைக் கேட்டுவிட்டுப் படியிறங்கும்போது அவளுக்கு உடம்பு பஞ்சாக இருக்கும். ஞாயிறு முழுக்க அப்படித்தான் இருக்கும். திங்கட்கிழமை பாரம் திரும்ப வந்து ஏறிக்கொள்ளும். மன்னித்தவனுக்கே மன்னித்தது தெரியாவிட்டால் அது எந்தக் கணக்கில் சேரும்? எதிரே உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருக்கிறவன் அவளை மன்னித்தவன் அல்ல. அவன் இன்னும் அவளிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறவன். அவளும் அவனிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பொய்க்கும் நடுவே தேங்காய்ச் சட்னி இருந்தது.

இதில் ஊமத்தையின் வேலை கெட்டுப்போனது. வேழவனைக் கொல்ல அவளுக்கு எத்தனையோ வாய்ப்பு வந்தது. ஆற்றங்கரையில் தனியாகக் குளித்தான். ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தான். அவள் ஒவ்வொன்றையும் நழுவ விட்டாள். வேழவன் செத்தால் நவநீதனுக்கு ஆட்டம் முடிந்துவிடும். அப்புறம் எந்தச் சாக்கில் மாடிக்கு அழைத்துப்போவது? ஓர் ஓட்டையில் சென்னியப்பனே கேலி செய்தான்.

"ஏம்மா கொலைகாரி, நீ அவனக் கொல்ல வந்தியா, அவனுக்குக் காவலுக்கு வந்தியா?"

"சமயம் பாக்கறேன்," என்றாள் தாரணி.

"நீ சமயம் பாக்கறதுக்குள்ள அவன் வயசாகியே செத்துப்போயிருவான்."

நவநீதன் தேய ஆரம்பித்தான். ஆட்டம் முடிந்து ரோட்டுக்கடையில் காளான் வாங்கினால் இரண்டு தட்டு உள்ளே தள்ளுகிறவன், ஒரு வாய் வைத்துவிட்டு நகர்த்திவைத்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் யாரோடும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ நடக்கப் போய்விட்டு வேர்த்து விறுவிறுத்து வருவான். ஏன் என்று கேட்டால், தெரியவில்லை என்பான்.

"எழவு வூட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரியே இருக்குது தாரணி. யாரும் சாகல. அதான் புரிய மாட்டேங்குது," என்று ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னான். "எனக்கு ஏதோ வியாதின்னு நெனைக்கறேன். டாக்டரப் பாக்கட்டுமா?"

அவள் ஒரு சட்டையை எடுத்து உதறினாள். தன்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமையை மனம் எண்ணத் தொடங்கியது.

ஐப்பசியில் சென்னியப்பன் கடைக்கு அவளைத் தனியாக வரச் சொன்னான். மேசையில் பிரித்துப்போட்ட பட்டை ஒன்று கிடந்தது.

"பட்டையில பழுது ஏதாச்சும் இருக்குமான்னு பாத்தேன். இல்ல. நல்லாத்தான் ஓடுது." அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "அவன் அழுதுட்டு எறங்கி வர்றத நா வாராவாரம் பாக்கறேன் தாரணி. ரெஜினாவும் பாக்கறா, அவளுக்கு மறந்துருது. எனக்கு மறக்கறதில்ல. மொதல்ல, நல்லா நடிக்கறான்னு நெனச்சேன். வேழவன் பேரச் சொல்லித்தான் கேக்கறயா நீ?"

அவள் மேசையில் கிடந்த பட்டையின் கம்பி ஒன்றை விரலால் நெருடினாள்.

"கெணத்த மூடிப்போட்டா ஊத்து நின்னுருமா? மண்டையில தங்கறதில்ல, அவ்வளவுதான். அழுதது உடம்பு. அதுக்கு இந்தப் பட்டை கிட்டை எல்லாம் தெரியாது. அது எழவு கொண்டாடிக்கிட்டே இருக்குது, எதுக்குன்னு தெரியாம." அவன் குரல் இறங்கியது. "உங்க ரெண்டு பேருக்குள்ள என்னன்னு நா கேக்கல. வர்ற சனிக்கிழமை வேழவன் சாவோணும். இல்லாட்டி நா பட்டையை ஒடைச்சுப்போடுவேன். கொண்டு வந்தவன் நாந்தான, பாவத்துல எனக்கும் பங்குண்டு."

சனிக்கிழமை வானம் மூட்டமாக இருந்தது. கதையில் அன்று கோட்டையில் திருவிழா. ரெஜினாவின் மருத்துவச்சி காயம்பட்ட யானைக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். வேழவன் மாலைக்குப் பிறகு தன் அறைக்குத் தனியாகப் போவான் என்று சென்னியப்பன் சொல்லிவிட்டுத் தாரணியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் பட்டைகளை ஓட விட்டான்.

மொட்டை மாடிக்கு வந்ததும் நவநீதன் உற்சாகமாகக் கையைத் தேய்த்தான். "கேளுங்க ஒற்றரம்மா. இந்த வேழவன்கிட்ட இன்னிக்கு என்ன வேணும்?"

தாரணி கிட்டே போய் அவன் தலையிலிருந்த பட்டையில் கை வைத்தாள்.

"ஏய், ஓட்டை மூடிருமே?"

"மூடட்டும். இது உனக்குத் தங்கோணும்."

பட்டையைக் கழற்றிக் கீழே போட்டாள்; அவன் முடி இரண்டு அதோடு வந்தது. எப்போது மாடிக்கு வந்தோம் என்று அவன் விழித்தான். அவள் சொன்னாள். காவலனைப் பற்றிக் கேட்டதில் தொடங்கி, சட்டையின் நிறம், தண்ணீர், அவன் அழுதது, மன்னித்தது, மறந்தது எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் வழக்கமாக மூக்கை உறிஞ்சும் இடம் வந்தது. அவன் உறிஞ்சவில்லை. அழவும் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, கையிலிருந்த பகடையைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"எத்தன தடவ?" என்று கேட்டான்.

"எண்ணல. ஆடியில இருந்து."

"ஒவ்வொரு தடவையும் நா மன்னிச்சனா?"

"ம்."

"மன்னிச்சிருப்பேன். எனக்கென்ன நட்டம்? படியெறங்குனா மறந்துபோயிரும்." அவன் குரலில் இருந்ததைக் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. "அன்னிக்கு ஆஸ்பத்திரியில எனக்கும் இந்தப் பட்டையக் கொண்டாந்து நீட்டுனாங்க தாரணி. போட்டுக்கங்க சார், நீங்க நெம்பப் பாத்துட்டீங்கன்னு. வேண்டான்னேன். நானும் மறந்துபோட்டா பரணி சொன்னத வெச்சுக்க வேற யாரு இருக்கறா? அப்பிடி வெச்சிருந்தத நீ வாராவாரம் என்ற வாயிலிருந்து புடுங்கி, நா சொன்னதே எனக்குத் தெரியாமப் பண்ணியிருக்கற."

தாரணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதமாக அவள் கேட்டுக் கேட்டு வாங்கிய "அடப் போடி" இப்போது வருமென்று காத்திருந்தாள். அது வரவில்லை. வராது என்று அவளுக்குப் புரிந்தபோது, அது வராததுதான் நியாயம் என்றும் புரிந்தது.

"எனக்கும் ஒண்ணு கேக்கோணும்," என்றான் நவநீதன், பகடையைச் சட்டைப்பையில் போட்டபடி. "மூணு வருசமா கேக்கோணும்னு இருக்கறேன். நீ தாங்க மாட்டேன்னு கேக்கல."

"கேளு."

"இப்பிடி இல்ல." அவன் எழுந்து கீழே கிடந்த பட்டையை எடுத்தான். "நீ கேட்ட மாதிரி."

உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். அவள் சரி என்றாள். இருவரும் கீழே இறங்கி வந்தார்கள். அதற்குள் ரெஜினாவின் ஓட்டையைச் சென்னியப்பன் மூடியிருந்தான். இவர்கள் முகத்தைப் பார்த்ததும் ரெஜினா கையிலிருந்த பென்சிலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இவளோடத ஓட விடுடா," என்றான் நவநீதன்.

சென்னியப்பன் அவனைப் பார்க்கவில்லை. "தாரணி, உனக்குச் சம்மதமா? வாயத் தொறந்து சொல்லு."

"சம்மதம்."

ரெஜினா ஏதோ சொல்ல வந்தாள். தாரணி வேண்டாமென்று கைகாட்டிவிட்டுப் பட்டையைத் தானே மாட்டிக்கொண்டாள். நெற்றியில் சில்லென்று இருந்தது. நவநீதன் முன்னால் போக, அவள் பின்னால் போனாள். மாடிப்படியின் முதல் படியில் கால் வைத்தாள்.

அடுத்த கணம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரெஜினா அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றான். வெளியே மழை பெய்திருந்தது. அவள் முந்தானையும் முடியும் நனைந்திருந்தன. தொண்டை கட்டியிருந்தது, கத்தினால் கட்டுகிற மாதிரி. தனக்கு வலிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை.

நவநீதன் எதிரே உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தை அவள் அவசரமாகப் படித்துப் பார்த்தாள். கோபம் இல்லை. மாடியில் இருந்த அந்த வறட்சியும் இல்லை. ஒரு டம்ளரில் வெந்நீரை ஊற்றி, ஆற்றி, அவள் பக்கம் நகர்த்தினான்.

"குடி. தொண்டைக்கு இதமா இருக்கும்."

"என்ன கேட்ட?"

"குடிச்சுட்டுப் பேசு."

"நா என்ன சொன்னேன், நவநி?"

"ஒண்ணும் பெருசா இல்ல," என்றான் அவன்.

ஆட்டத்தைத் தொடரலாமா என்று யாரும் கேட்கவில்லை. வேழவன் அறைக்குப் போகிற வழியிலேயே நின்றான். சென்னியப்பன் கீழ்வாசல்வரை வந்து வழியனுப்பினான். பட்டையை உடைத்துப்போடுவதாக மறுபடி சொன்னான். நவநீதன் அவன் தோளில் தட்டினான்.

ஓட்டுநர் இல்லாத நகரப் பேருந்து காலியாக வந்தது. நவநீதன் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தான். ஈரக்காற்று அடிக்காமல் கண்ணாடியை இழுத்துவிட்டான். அவள் பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டான். வழியில் காளான் கடை வந்தபோது, "எனக்குப் பசிக்குது, வூட்டுக்குப் போயி தோசை ஊத்தறேன், நீ உக்காந்துக்க," என்றான். அவனுக்குப் பசித்து எத்தனையோ நாளாகிறது. குரல் மென்மையாக, கவனமாக, ஒரு சின்னச் சிரிப்போடு இருந்தது.

அந்தக் குரலைத் தாரணிக்குத் தெரியும். தூக்கத்தில் போகிற மாதிரிப் போயிட்டான் என்று சொன்ன குரல். அவளுக்கு ஆகாத எதையோ தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, அவள் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறவனின் குரல். மூன்று வருடம் அது பாசம் என்று மட்டும் நினைத்திருந்தாள். பாசம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த முறை அவன் அவளிடமிருந்து மறைத்துவைத்திருப்பது பரணி சொன்னதை அல்ல. அவளே சொன்னதை.

"நல்லதா, கெட்டதா? அத மட்டுமாவது சொல்லு," என்றாள்.

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுட்டேன்," என்றான்.

எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை.